மேல்பேட்டை மாடியில் இருந்த பெட்டி

எங்கள் ஊர் இணைய இணைப்பைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்திருக்கும் நாலைந்து பேர் போன வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "யாரு எதைப் பாக்கறாங்க, யாருகூட பேசறாங்கன்னு பதிவு பண்ற வசதி பெட்டியிலயே இருக்குது. அதை மட்டும் ஏன்ணா அணைச்சி வெச்சிகினு இருக்கீங்க?"

கேட்டதில் தப்பில்லை. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரி, அடுத்த முறை யாராவது அவர்கள் முன்னால் உட்கார்ந்து கெஞ்சும்போது தாங்காது. மாடிப்படி ஏற முழங்கால் ஒத்துழைக்காமல் போனதால் நான் பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன். உட்கார்ந்து எழுத முழங்கால் தேவையில்லை. அதனால் எழுதுகிறேன். ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்தவன். கம்பம் ஏறக் கற்றதும், மழையில் கேபிள் பள்ளத்துக்குள் இறங்கி வயர் சேர்த்ததும் இங்கே வேண்டாம். என் வேலைக் காலத்தின் முதல் பாதியில் தொலைபேசி வேண்டும் என்று ஜனங்கள் என்னைத் தேடி வந்தார்கள். இரண்டாம் பாதியில் வேண்டாம் என்று கழற்றிக்கொடுக்க வந்தார்கள். கடைசியில் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இனி எந்தக் கம்பியையும் தொடக்கூடாது என்றுதான் இருந்தேன்.

ஷாகிரா என்னை அப்படி இருக்க விடவில்லை. திருத்தணியில், அரக்கோணம் சாலையில் கம்ப்யூட்டரும் கேமராவும் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். அவருடைய அப்பா அதே இடத்தில் ரேடியோ ரிப்பேர் செய்தவர். ஷாகிரா என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். ஊரடங்கில் பள்ளிக்கூடங்கள் மூடியபோது, மலைக்கு வடக்கே உள்ள ஊர்களில் பிள்ளைகள் சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றே அவர் என் வீட்டு வாசலில் நின்றார்.

"முனியண்ணா, ஏணி வெச்சிருக்கீங்களா?"

"ஏணி இருக்குது. ஏறத்தான் ஆளு இல்ல."

"ஏறிக்கினே சொல்லுங்க, ஆளு இருக்குதா இல்லையான்னு" என்றார். அதற்கு மேல் அழைப்பு எதுவும் இல்லை. மறுநாள் நான் ஏணியோடு போனேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒவ்வொரு மாடியிலும் ஒரு சிறு பெட்டியும் ஒரு டிஷ்ஷும் வைப்போம். ஒரு பெட்டி தனக்கு வந்ததை அடுத்த பெட்டிக்குக் கொடுக்கும், அது அதற்கடுத்ததற்கு. ஒன்று படுத்துவிட்டால் மற்றவை வேறு வழி தேடிக்கொள்ளும். சொல்லும்போது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பெட்டியின் கண்ணுக்கு இன்னொன்று தெரிந்தால்தான் இரண்டும் பேசும். எங்கள் பக்கம் பாறையும் குன்றும் நடுநடுவே எழுந்து நிற்கிற பூமி. பல இடங்களில் வேறு வழி என்று ஒன்று கிடையாது. ஷாகிராவின் கடை மாடியிலிருந்து புறப்படும் இணைப்பு, மேட்டில் இருக்கும் மேல்பேட்டையில் ஒரே ஒரு வீட்டு மாடிக்குப் போய், அங்கிருந்துதான் குன்றுக்குப் பின்னால் இருக்கும் கல்லேரிக்கும் பொம்மகுப்பத்துக்கும் இறங்கியது. கம்பெனிகள் அந்த ஊர்களுக்கு அப்போது வரவில்லை. நாங்கள் யாரும் சம்பளக்காரர்களும் இல்லை. கடைக்காரர், வாத்தியார், ஆட்டோ ஓட்டுகிறவர், என்னைப்போல ஓய்வு பெற்றவர் என்று ஒரு பத்துப் பேர்.

முப்பது வருஷத்துக்கு மேல் நான் எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். ஷாகிராவைப்போல ஒருவரைப் பார்த்ததில்லை. கத்தமாட்டார், பாராட்டவும் மாட்டார். எங்கேயாவது இணைப்பு போய்விட்டது என்று யாராவது போன் செய்தால், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வரிசையாகக் கேட்பார்.

"லைட் எரியுதா?"

"எரியுதுங்க."

"நின்னு எரியுதா, மின்னி மின்னி எரியுதா?"

"மின்னுதுங்க."

"இன்னா கலரு? ... சரி, வயரை கழட்டாதீங்க. நீங்க ஒண்ணும் செய்யாதீங்க. நாங்க வர்றோம்."

பாதி நேரம் குரங்குதான் காரணமாக இருக்கும். மலையிலிருந்து இறங்கி வருகிறவை டிஷ்ஷின் மேல் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்கும். அதன் கனத்தில் டிஷ் ஒரு விரற்கடை சாய்ந்தால் போதும், கல்லேரி போய்விடும். வயரைக் கடிக்காமல் இருக்க பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டோம். உட்காராமல் இருக்க டிஷ்ஷின் தலையில் கம்பியை வளைத்துக் கட்டினோம். அவை கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கின. மறுபடி ஏணி, மறுபடி வெயில். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வந்து ஊர் நிறைந்து, செல்போன் எல்லாம் திணறும்போது எங்கள் இணைப்பு மட்டும் ஓடும். அந்த ஒரு நாளில்தான் எங்களை யாராவது நல்லவிதமாக நினைத்துக்கொள்வார்கள்.

மாடி ஏறுவதற்கு ஷாகிரா ஒரு முறை வைத்திருந்தார். வீட்டுப் பெண்களிடம் கேட்காமல் படியில் கால் வைக்கக்கூடாது. மாடியில் வடாம் காய்ந்தால், துணி காய்ந்தால், அவர்கள் எடுக்கும்வரை கீழே நிற்கவேண்டும். சின்னப் பெண் தனியாக இருக்கும் வீட்டில் ஏறவே கூடாது, இணைப்பு போனாலும் சரி. இறங்கியதும் என்ன செய்தோம் என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டு வரவேண்டும். "மாடிய கேட்டு வாங்கியிருக்கோம். அது நம்மளுது இல்ல" என்பார்.

பதிவு பண்ணும் வசதியை முதல் நாளே அவர் அணைத்துவிட்டார். ஒவ்வொரு பெட்டியையும் மாடிக்கு அனுப்புமுன் தானே திறந்து பார்த்து, அணைந்திருக்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் என் கையில் கொடுப்பார். நான் காரணம் கேட்டேன்.

"தெரிஞ்சா கேப்பாங்கண்ணா. கேட்டா சொல்லணும்னு தோணும். தெரியாமலே இருந்துடலாம்."

எனக்கு அது அதிகப்படியாகத்தான் பட்டது. தலையாட்டிவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

மேல்பேட்டை வீடு சீனிவாசலுவுடையது. கரும்பும் மல்லியும் போடுகிற குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மாடி கேட்டபோது ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சரி என்றவர். மின்சாரமும் அவருடையதுதான். நான் போனால் மோர் வராமல் இருக்காது. மனைவி சரோஜா, ஒரே மகள் லாவண்யா. அவள் நர்ஸிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் டிஷ்ஷைத் திருப்பி வைத்துவிட்டு இறங்கினேன். சீனிவாசலு என்னைப் பம்புசெட் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பேசினால் வீட்டுக்குக் கேட்காது என்று பிறகுதான் புரிந்தது.

"லைன்மேனண்ணா, பாப்பா எந்நேரமும் போன்லயே இருக்குது. அரக்கோணத்துல யாரோ ஒரு பையன்னு காதுல விழுது. யாருகூட பேசிகினு இருக்கா, இன்னா எழுதறான்னு நீங்க பாத்து சொல்லணும்."

"அதெல்லாம் எங்களுக்கு தெரியாதுங்க. நாங்க வெச்சிக்கறதே இல்ல."

"பொட்டி உங்களுது. உங்களுக்கு தெரியாததா?"

"மெய்யாத்தான் சொல்றேன். அதை அணைச்சி வெச்சிருக்கோம்."

அவர் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார். "அணைச்சி வெச்சிருக்கீங்கன்னா போட முடியும் இல்ல? போட்டு ஒரு வாரம் பாருங்க. இவ்ளோ நாளு மாடி குடுத்திருக்கேன். ஒண்ணும் கேட்டதில்ல."

உண்மைதான். அவர் ஒன்றும் கேட்டதில்லை. அவர் கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பயம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பின்னால் எல்லோரும் கூடினோம். சொல்லக்கூடாத விஷயம் என்பதால் வீட்டையும் பெயரையும் சொல்லாமல்தான் ஷாகிரா ஆரம்பித்தார். ஆனால் இரண்டு ஊரும் ஒரு மாடியில் தொங்குகிறது என்றதுமே எல்லோருக்கும் எந்த வீடு என்று தெரிந்துவிட்டது. குமரேசன் வாத்தியார்தான் முதலில் பேசினார். எங்களில் அதிகம் உழைத்தவர் அவர்.

"ஒரே ஒரு வாரம் போட்டு பாத்துட்டு அணைச்சிடலாம். ரெண்டு ஊரு பசங்களுக்கு பரீட்சை வருது. நர்ஸம்மா கல்லேரியிலேர்ந்துதான் தடுப்பூசி கணக்கு அனுப்பறாங்க. ஒரு வீட்டு சமாச்சாரத்துக்கு அத்தனை பேரையும் இருட்டுல விடறதா?"

இன்னொருவர், "பாத்தோம், ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா போச்சு" என்றார்.

"ஒண்ணுமில்லன்னு சொன்னா, பாக்க முடியும்னு நாமளே ஒத்துக்கின மாதிரி. அடுத்த மாசம் மறுபடி கேப்பாரு. இவருக்கு பாத்தீங்களே, எனக்கும் பாருங்கன்னு பக்கத்து வீட்டுக்காரரு வருவாரு" என்றார் ஷாகிரா.

"அப்போ இன்னா பண்றது?"

"முடியாதுன்னு சொல்றது."

வாத்தியார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் கெட்டவர் இல்லை. அவர் வகுப்புப் பிள்ளைகள் கல்லேரியில் இருந்தார்கள், அவ்வளவுதான். நான் மட்டும், வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். மறுநாள் கல்லேரிக்குத் தெற்கே இருக்கும் பாறைக் குன்றில் ஏறினேன். உச்சியிலிருந்து திருத்தணியும் தெரிந்தது, கல்லேரியும் தெரிந்தது. ஆனால் அங்கே மின்சாரம் இல்லை, பாதை இல்லை, நிழலுக்கு ஒரு செடிகூட இல்லை. முடியும், ஆனால் லேட்டாகும் என்று வந்து சொன்னேன்.

சீனிவாசலு வீட்டுக்கு ஷாகிரா தானே வந்தார். கூட நான் மட்டும். கூடத்தில் உட்காரவைத்தார்கள். சரோஜா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். ஷாகிரா சுற்றிவளைக்கவில்லை.

"அண்ணா, நீங்க கேட்டதை செய்ய முடியாதுங்க. எங்க கிட்ட பதிவு இல்ல. இனிமேயும் வெச்சிக்க மாட்டோம்."

"உங்களுக்கு பொண்ணு இருந்தா இப்படி பேசமாட்டீங்கம்மா."

"எனக்கும் பொண்ணு இருக்குதுங்க. எனக்கு அவ மேல சந்தேகம் வந்தா அவளை எதிர்ல உக்கார வெச்சி கேப்பேன். கடைக்காரரை கேக்கமாட்டேன்."

"கேட்டா சொல்லுவாளா?"

"சொல்ல மாட்டா. திரும்ப கேக்கணும். சொல்றவரைக்கும் கேக்கணும். அதுக்கு நம்ம மூஞ்சி வேணும், பொட்டி உதவாது."

சீனிவாசலு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில், "அப்போ கழட்டிகினு போய்டுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை.

"ஆங், சரிங்க. இன்னிக்கே கழட்டிடறோம்" என்றார் ஷாகிரா. காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் எழுந்தார்.

ஒரு பெட்டியை மாட்டுவது எளிது. ஊர் சம்மதிக்கிற நேரத்தில் யாருக்கும் கை தானாக வேலை செய்யும். கழற்றும்போதுதான் ஆள் எப்படி என்று தெரியும். முதலில் கீழே மின் இணைப்பை எடுத்தேன். அடுத்து டிஷ், பிறகு பெட்டி. வயரைச் சுருட்டிக் கட்டினேன். குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப்பை நெம்பாமல், திருகாணி ஒவ்வொன்றாக இளக்கி எடுத்தேன். சுவரில் துளை தெரிந்தது. ஷாகிரா பையிலிருந்து சிமெண்ட் பொட்டலம் எடுத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்து, துளைகளை விரலால் அடைத்தார். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் கூடத்துச் சுவர் ஊறும் என்றார். எங்களை வெளியே போகச் சொன்னவருடைய சுவருக்காக அவர் குனிந்து நின்றதைப் பார்த்தபோது எனக்குக் களைப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. ஏன் இவ்வளவு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.

அப்போது லாவண்யா காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்கு வந்தாள்.

"ஏன் அங்கிள் கழட்றீங்க?"

"உங்க நைனா மாடிய திருப்பி கேட்டாரும்மா."

அவள் என்னைப் பார்த்தாள், ஷாகிராவின் சிமெண்ட் விரலைப் பார்த்தாள். துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பு சோர்ந்துபோகிறது. கல்லேரியும் பொம்மகுப்பமும் அன்று சாயங்காலத்திலிருந்து இருட்டு. நர்ஸம்மா பேரேடுகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் திருத்தணிக்கு வந்து போனார். துபாயில் கணவன் இருக்கும் ஒரு பெண், குழந்தையைக் காட்ட முடியவில்லை என்று கடை வாசலில் நின்று அழுதாள். கல்லேரிக்குப் போனால் டீக்கடையில் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள்.

"ஏன் லைன்மேன், நல்லா ஓடிகினு இருந்ததை ஏன் புடுங்கினீங்க? வேற எங்கயோ வித்துட்டீங்களாமே?"

காரணம் சொல்ல முடியாது. சொன்னால் அந்தப் பெண்ணின் பெயர் இரண்டு ஊர் டீக்கடையிலும் உருளும். அப்படி உருளவிடுவதற்குப் பதில் பதிவையே போட்டுப் பார்த்திருக்கலாம். ஷாகிரா எங்களிடம் சொன்னது ஒன்றுதான்: "பொட்டி கெட்டுப்போச்சுன்னு பொய் சொல்லாதீங்க. வீட்டுக்காரர் மாடிய திருப்பி கேட்டாரு, குடுத்துட்டோம். அதோட நிறுத்திக்கோங்க." நாங்கள் அதோடு நிறுத்திக்கொண்டோம். ஜனங்கள் நிறுத்தவில்லை. எங்களில் பாதிப் பேர் வருவதை விட்டுவிட்டார்கள். குமரேசன் வாத்தியார் கடைப்பக்கமே திரும்பவில்லை.

மிச்சமிருந்தவர்கள் குன்றில் ஏறினோம். இரும்புக் குழாய், சிமெண்ட், சோலார் தகடு, பேட்டரி, குடிக்கத் தண்ணீர், சிமெண்ட் குழைக்கத் தண்ணீர், எல்லாமே தோளில்தான். பாறை காலைப் பத்து மணிக்கே சுடும். பாதி வழியில் உட்கார்ந்தால் எழ மனசு வராது. ஒரு நாள் நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது, டீக்கடையில் என்னைக் கேட்டவரே கீழேயிருந்து ஏறி வந்தார். என் பக்கத்திலிருந்த பேட்டரியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மேலே நடந்தார். அடுத்த நாள் கல்லேரியிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இருந்தேன்.

டிஷ்ஷை நேர்படுத்துவது இப்படித்தான். கல்லேரித் தண்ணீர்த் தொட்டி மேல் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் காட்டினார். குன்றின் மேலிருந்து அந்த மினுக்கலைக் குறிவைத்து டிஷ்ஷைத் திருப்பினேன். பக்கத்தில் ஷாகிரா போனைப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எண் ஏறினால் அதே பக்கம், இறங்கினால் திரும்பி வரவேண்டும். திருகாணியை இறுக்கும்போது டிஷ் மயிரிழை நகரும், அதையும் கணக்கில் வைத்துக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தவேண்டும். பலமுறை தவறிய பிறகு ஷாகிரா, "போதும், கைய எடுங்க" என்றார். கீழே கல்லேரித் தெருவில் யாரோ கத்தினார்கள். எங்களுக்குக் கைதட்டச் சக்தி இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு இறங்கினோம்.

மழைக்கு முன்னால் இரண்டு ஊரும் திரும்பி வந்தன. வாத்தியார் மட்டும் வரவில்லை. இன்றும் வழியில் பார்த்தால் வணக்கம் வைப்பார், நிற்கமாட்டார்.

லாவண்யா படிப்பை முடித்து, அரக்கோணத்துப் பையனையே பதிவுத் திருமணம் செய்துகொண்டு பெங்களூருக்குப் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டோம். சீனிவாசலு மகள் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார் என்றும் சொன்னார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போகவேண்டிய வேலை வரவில்லை.

போன வருஷம் சரோஜா கடைக்கு வந்தார். இளைத்திருந்தார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார், தண்ணீர் கொடுத்ததும் குடித்தார். கணவருக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டாராம். ஒரு பக்கம் வராது, பேச்சும் குழறுகிறது.

"பாப்பா போன் பண்றா. வாசல்ல நின்னா சிக்னல் வருது, உள்ள வந்தா அறுந்துடுது. அவரை வாசலுக்கு தூக்கிகினு போவ முடியல. பொட்டிய வெக்க சொல்லுன்னு அவரேதான் சொன்னாரு. உங்க கிட்ட கேக்கத்தான் அவருக்கு வாய் வரல."

சரோஜா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அன்னிக்கு நீங்க பாத்து சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் பயமா இருக்குதும்மா. அவரு அப்போ இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும்."

மறுநாளே போனோம். நான் ஏறிய கடைசி மாடி அதுதான். குன்றைப் பார்த்து டிஷ்ஷை வைத்தேன். ஒவ்வொரு படியிலும் முழங்கால் பேசியது. கீழே கட்டிலுக்கு நேர் மேலே சுவரில் சின்னப் பெட்டியை மாட்டினேன். சீனிவாசலு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "லைட்டு... வந்துச்சா?" என்று கேட்டார். பாதி வார்த்தைதான் வெளியே வந்தது. வந்துவிட்டது என்றேன்.

சரோஜா போனைத் தலையணையில் சாய்த்து வைத்து மகளை அழைத்தார். மணி போய்க்கொண்டிருக்கும்போதே ஷாகிரா என் கையில் ஸ்க்ரூ டிரைவர் பையைத் திணித்துவிட்டு எழுந்தார். வெளித்திண்ணையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து "நைனா" என்று ஒரு குரல் கேட்டது. நான் என்னையறியாமல் நின்றேன். ஷாகிரா நிற்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து, சத்தம் வரும்படி ஆக்ஸிலரேட்டரைத் திருகினார். அப்பாவும் மகளும் அதன் பிறகு என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.